மேற்கணக்கிலிருந்து இறங்காத மண்டலின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஆர்மோனியத்தில் ஒரு பிழையும் இல்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், மலையின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு சர்ச்சில் அதை வாசிக்கும் இருதயம் நான்தான். கிழமை நாட்களில் பிள்ளை மடுவத்தில், கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்காருவேன். பண்டாரவளையிலிருந்து பாட்டுக் குழு ஏதாவது வந்தால், அதில் ஒருவர் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது சுதி கொஞ்சம் எறங்கியிருக்கு அக்கா" என்பார், ஏதோ என் முகத்தில் கரி ஒட்டியிருப்பதைச் சொல்வதுபோல. இறங்கியிருந்தால் என்ன? எங்கள் தொண்டைகள் அதற்குப் பழகிவிட்டன. ஆண்டவரும் இதுவரை குறை சொல்லவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, தேவதாசன் அண்ணனைப் பற்றி.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த காம்பரா அவருடையது. வேலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில். மாடியில் நீளமான வலைகள்மேல் கொழுந்தைப் பரப்பி, கீழேயிருந்து காற்று விட்டு வாட்டுவார்கள். அந்த மாடியில்தான் அவர் வாலிபத்திலிருந்து நிற்கிறார். ஒரு பிடி கொழுந்தை அள்ளி உள்ளங்கையில் இறுக்கித் திறப்பார். உருண்டை உடைந்தால் இன்னும் வாட வேண்டும், உடையாமல் நின்றால் போதும். அந்தப் பழக்கத்தில் எதைக் கொடுத்தாலும் இறுக்கிப் பார்ப்பார். என் மகளின் கல்யாணத்தில் கேக் துண்டைக்கூட இறுக்கிப் பார்த்தார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு பேச்சும் குறைந்துவிட்டது. ஒரே மகன் றொமேஷ் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான், பெருநாளுக்கு வருவான், போவான். வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவர்போல இருக்கும் அந்த மனிதர் வாய் திறந்த காலம் ஒன்று இருந்தது. அது பெரிய மண்டலின் இருந்த காலம்.

சின்ன மண்டலினை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இது அதற்கு அண்ணன். உடம்பு ஏறத்தாழ கிட்டார் அளவு, கழுத்து நீளம், கம்பிகள் எட்டு, இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு ஜோடி. சத்தம் சின்னதைவிட ஒரு ஸ்தாயி கீழே. பதுளையில் கல்யாண வீடுகளுக்குப் பைலா வாசிக்கும் கோஷ்டி வைத்திருந்த ஷுக்ரி நானாவிடம் அது இருந்தது. அந்தக் கோஷ்டியில் எங்கள் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர், தேவதாசன் அண்ணனும் மேற்கணக்கு அழகர் அண்ணனும். மலைக்கு மேல்பக்கத்துப் பிரிவுதான் மேற்கணக்கு. அங்கே மாரியம்மன் கோயில், கீழே எங்கள் சர்ச். நானா கோஷ்டியைக் கலைத்துவிட்டு மொனராகலையில் மருமகனோடு கடை வைக்கப் போனபோது, மண்டலினை இவர்கள் இருவர் கையிலும் சேர்த்துக் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் வெச்சுக்கோங்க. சண்டை புடிச்சா எனக்குச் சொல்ல வாணாம்."

இருவரும் சிரித்துக்கொண்டே வாங்கி வந்தார்கள்.

ஒரு வாத்தியத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள் என்றால் என்ன ஆகும் என்று நாங்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் காத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. அவர்களாகவே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். தேவதாசன் அண்ணன் என் ஆர்மோனியத்துக்குச் சுதி சேர்த்து சர்ச்சில் வாசிப்பார். அழகர் அண்ணன் கோயில் பஜனையில் வாசிப்பார். அவருக்கு ச-ப-ச-ப என்று கம்பிகளை வேறு மாதிரி வைக்க வேண்டும். ஆகவே யார் கையில் இருக்கிறதோ அவர், தன் வாசிப்பு முடிந்ததும், கம்பிகளை மற்றவருடைய சுதிக்கு மாற்றிவைத்து, தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். வாசலில் நின்று, "சுதி சேத்திருக்கு மச்சான்" என்று நீட்ட வேண்டும். வாங்குகிறவர் கட்டைவிரலால் ஒரே ஒரு தடவை மீட்டிப் பார்ப்பார். அவ்வளவுதான், திருகாணியைத் தொட மாட்டார். மற்றவர் வைத்த சுதியைத் திருத்துவது மரியாதை இல்லை. போய்க் கேட்பதும் மரியாதை இல்லை. கொண்டுவந்து கொடுப்பதுதான் முறை. ஆள்விட்டு அனுப்புவதும் கிடையாது.

மார்கழியில் அதற்கு ஓய்வே இருக்காது. விடியலில் மேலே பஜனை, பொழுதுபட்டால் கீழே லயம் லயமாக எங்கள் கரோல் பாட்டு. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலைக்கு வேலைக்குப் போகும் வழியில் அழகர் அண்ணன் அதை உறையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கி வருவார். கரோல் முடிந்ததும் தேவதாசன் அண்ணன் அதை மாட்டிக்கொண்டு ஏறுவார். அடிக்கடி முறுக்கி முறுக்கிக் கம்பி அறுந்துபோகும். பதுளைக் கடைகளில் அதற்கென்று கம்பி கிடையாது. கிட்டார் கம்பி வாங்கி, நுனியில் இருக்கும் பித்தளை மணியைக் குறட்டால் நசுக்கிக் கழற்றி, வளையம் செய்து மாட்டுவார்கள். அந்த வேலையை இருவரும் சேர்ந்து எங்கள் முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து செய்யும்போது கேட்டால், தேவதாசன் அண்ணனா இப்படிப் பேசுகிறார் என்று இருக்கும். அழகர் அண்ணனின் கவ்வாத்துக் கத்தியைக் கேலி செய்வார், என் ஆர்மோனியத்தைக் கேலி செய்வார். "இருதயத்தோட பொட்டிக்கு ஏத்த மாதிரி கம்பிய எறக்குறதுக்குள்ள உசிர் போகுது மச்சான்" என்பார் அழகர் அண்ணன். நான் தேத்தண்ணியில் சீனி போடாமல் கொடுத்துப் பழி தீர்த்துக்கொள்வேன்.

பிறகு அந்த மழை மார்கழி வந்தது. வெயிலையே காணோம். துணி காயவில்லை, சுவரில் பூஞ்சணம். மண்டலினின் பலகை ஈரம் குடித்து உப்பிக் கம்பிகள் இரைய ஆரம்பித்தன. மறுநாள் மேலே ஏகாதசி பஜனை, தோட்டமே கூடும். அழகர் அண்ணனுக்கு அதை நல்ல நிலையில் கொடுக்க வேண்டுமே என்று தேவதாசன் அண்ணனுக்குக் கவலை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஈரக் கொழுந்து வந்தால் சூடான காற்று விடுவார்கள். மண்டலினை ஸ்டோருக்கு எடுத்துப்போய், மாடியில் சூட்டுக் காற்று வரும் வாய்க்கு நேரே கட்டித் தொங்கவிட்டார். கொழுந்து வாடி முடியும்வரை அதுவும் வாடியது.

இறக்கும்போது முகப்புப் பலகையின் இரண்டு பாதிகளும் சேரும் இடம் லேசாக விலகியிருந்தது. அவர் பார்த்தார். தாங்கும் என்று நினைத்தார். ச-ப-ச-ப சுதி சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அழகர் அண்ணன் வழக்கம்போல ஒரு தடவை மீட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டார். பஜனையில் இரண்டாவது பாட்டு நடக்கும்போது, கம்பிகளின் இழுப்பு தாங்காமல், பலகை வாய்த் துளையிலிருந்து அடிவரை 'டப்'பென்று பிளந்தது. ஜனங்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். பின்னால் நின்றிருந்த தேவதாசன் அண்ணன் முன்னால் வந்து, தான் செய்ததை மறைக்காமல் சொன்னார்.

அழகர் அண்ணன் சத்தம் போடவில்லை. பிளந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஒனக்குக் கொழுந்தும் ஒன்னுதான், இதுவும் ஒன்னுதான். நீயெல்லாம் இதத் தொடலாமா?"

தேவதாசன் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தார். அந்த வருசக் கிறிஸ்மசுக்கு மண்டலின் வரவில்லை. பண்டாரவளையில் ஒரு தச்சரிடம் கொடுத்துப் பலகையை ஒட்டிவிட்டார்கள் என்று காதில் விழுந்தது. அதற்கடுத்த கிறிஸ்மசுக்கும் வரவில்லை. எத்தனை மார்கழி அப்படிப் போனது என்று நான் எண்ணவில்லை, எண்ணினால் எரிச்சல்தான் வரும். அழகர் அண்ணன் பஜனையிலும் அதை வாசிப்பதில்லை என்றார்கள். இதற்கிடையில் கவ்வாத்து மலையில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பு போயிற்று. கம்பு ஊன்றிக்கொண்டு காம்பராவிலிருந்து இஸ்தோப்புக்கு வருவார். அதற்குமேல் நடை இல்லை.

நான் சும்மா இருக்கிறவள் இல்லை. ஒரு நாள் விறகு வெட்டிக்கொண்டிருந்த தேவதாசன் அண்ணனிடம் நேரே கேட்டேன்.

"அவரால நடக்க முடியல. நீங்க ஒரு எட்டு ஏறிப் போனா என்ன கொறைஞ்சா போயிருவீங்க?"

"போனா, மண்டலினக் கேட்டு வந்திருக்கான்னு நெனப்பான்."

"நெனச்சா நெனக்கட்டும்."

"அவன்கிட்டதானே இருக்கு, இருதயம். எனக்குத் தரணும்னு இருந்தா அவன்தான் தரணும். என்னைத் தொடாதேன்னுட்டான். நான் போய் நின்னா அது பிச்சை." கத்தியை விறகில் கொத்தி நிறுத்தினார். "மன்னிச்சுட்டான்னு தெரிஞ்சாப் போதும். வேற ஒன்னும் வேணாம் எனக்கு."

அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை. வாத்தியம்கூட இல்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று சொல்லிப் பார்த்தேன். மறுபடியும் விறகை வெட்ட ஆரம்பித்தார். இந்த ஆம்பிளைகளின் மரியாதையை உரலில் போட்டு இடிக்கலாம் என்று அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

போன வருசம் மழைக்கு முன்னால் அழகர் அண்ணனுக்கு மூச்சு முட்டல் என்று பதுளை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். போனால் பேச விடமாட்டார்கள், குழாய் மாட்டியிருக்கிறது என்றார்கள். தேவதாசன் அண்ணன் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்தார், நாளைக்குப் போகிறேன் என்றார். அந்த நாளைக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது. அதே சட்டையைப் போட்டுக்கொண்டு சாவுக்கு ஏறினார். பாடைக்குத் தோள் கொடுத்தார். வீட்டுக்குள் மட்டும் நுழையவில்லை, தண்ணீர் பிடிக்கும் பைப்படியிலேயே நின்றார்.

கருமாதி எல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை கலைந்து நான் ஆர்மோனியத்துக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தேன். அண்ணன் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சர்ச் வாசலில் அழகர் அண்ணனின் மகள் விதுஷா நின்றாள். பதுளையில் போன் கடையில் வேலை பார்க்கும் பெண். முதுகில் அந்த உறை. அதைப் பார்த்ததும் அண்ணன் கையிலிருந்த புத்தகத்தைத் தரையிலேயே வைத்துவிட்டார்.

"மாமா, இது ஒங்க ரெண்டு பேரோடதும்னு அம்மா சொன்னுச்சு. நீங்களே வச்சுக்கங்க."

அவர் உறையைத் திறந்தார். பலகையில் ஒட்டுப் போட்ட தழும்பு நீளமாகத் தெரிந்தது. அதை அவர் தொடவில்லை. கட்டைவிரலால் ஒரு தடவை மீட்டினார்.

ச-ப-ச-ப இல்லை. அவருடைய சுதி.

அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். "என் சுதியில வச்சிருக்கான், இருதயம்" என்றார். குரல் உடைந்தது. "எனக்காக மாத்தி வச்சிருக்கான்." கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. நானும் அழுதிருப்பேன், ஆனால் என் காதில் ஏதோ இடித்தது. கம்பிகள் ஒரு இழை ஏறியிருந்தன. என் பெட்டியோடு சேராத சுதி அது. யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பெண் சந்தோஷமாகச் சொல்லிவிட்டாள்.

"இல்ல மாமா, நான்தான் போன்ல பாத்து வச்சேன்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

அவள் விவரமாகச் சொன்னாள். ஃபேஸ்புக்கில் ஒரு குழு இருக்கிறதாம். இந்த மாதிரிப் பெரிய மண்டலின், புசூக்கி, அதன் சொந்தபந்தங்கள் எல்லாவற்றையும் வாசிக்கிறவர்கள், ஐயர்லாந்து, கிரேக்கம் எங்கேயெல்லாமோ இருந்து, தங்கள் வாத்தியத்தைப் படம் பிடித்துப் போடுவார்களாம், வாசித்துக் காட்டுவார்களாம். அப்பா ஆஸ்பத்திரியில் படுத்த மறுநாள், அவருக்குக் காட்டி உற்சாகப்படுத்தலாமென்று, இவளும் நம் மண்டலினைப் படம் எடுத்து, கம்பிகளை ஒவ்வொரு ஜோடியாகத் தட்டி ஒரு வீடியோவும் போட்டிருக்கிறாள். நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். இது ஆக்டேவ் மண்டலின் என்று ஒருவர், இல்லை புசூக்கி என்று இன்னொருவர், இரண்டு வெள்ளைக்காரர்கள் அதற்காகச் சண்டைகூடப் பிடித்தார்களாம். ஒட்டுப் போட்ட தழும்பு அழகாக இருக்கிறது என்று ஒரு பெண் எழுதினாளாம்.

"ஆனா சுதி மட்டும் தப்பா இருக்குன்னாங்க. எல்லாக் கம்பியும் கொஞ்சம் எறங்கியிருக்காம். அதுக்கு ஒரு ஆப் இருக்கு, அதுல பாத்து நான் சரி பண்ணிட்டேன்."

தேவதாசன் அண்ணனின் முகத்தில் வந்திருந்த வெளிச்சம் எப்படிப் போயிற்று என்று நான் பார்த்தேன். அந்தப் பெண்ணை அறைந்தால் தேவலை போலிருந்தது எனக்கு. பாவம், அவள் என்ன செய்வாள். அண்ணன் வாத்தியத்தை மெதுவாக உறைக்குள் வைக்கப் போனார். அப்போதுதான் அவள் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு உறைத்தது. இறங்கியிருந்தது. எல்லாக் கம்பியும், கொஞ்சம்.

"அந்த வீடியோவைப் போடு" என்றேன்.

போனை நீட்டினாள். திரையில் அவள் விரல், ஒவ்வொரு ஜோடியாகத் தட்டுகிறது. முதல் ஜோடி கேட்டதுமே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆர்மோனியத்தின் துணியை இழுத்துப் போட்டேன். துருத்தியை அமுக்கி, அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்தேன். போனில் வந்த சத்தமும் என் பெட்டியின் சத்தமும் ஒன்றோடொன்று படுத்துக்கொண்டன. அடுத்த ஜோடி, அடுத்த கட்டை. எல்லாம் சேர்ந்தது. உலகத்தில் எந்த வாத்தியத்தோடும் சேராத என் பெட்டியோடு, எட்டுக் கம்பியும் சேர்ந்தன.

அண்ணன் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். "இன்னொருக்காப் போடு, பிள்ளை" என்றார். அவள் போட்டாள். மறுபடியும் என்றார். மறுபடியும் போட்டாள்.

"அப்பா இத வாசிச்சாரா?" என்று அவளைக் கேட்டேன்.

"வாசிக்கவே மாட்டாரு அத்தை. ஞாயித்துக்கெழம கீழ சர்ச் மைக்குல பாட்டு வரும்ல, அப்ப இஸ்தோப்புல ஒக்காந்து மடியில எடுத்து வச்சுக்குவாரு. காத சாச்சுக்கிட்டுத் திருகாணியத் திருகிக்கிட்டே இருப்பாரு. பாட்டு முடிஞ்சதும் உறையில போட்டுருவாரு. கம்பி துருப்புடிச்சா என்னைய பதுளையில வாங்கிட்டு வரச் சொல்லுவாரு. யாரு வாசிக்கப் போறான்னு அம்மா திட்டும். ஒரு தடவ நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரட்டான்னு கேட்டேன். அதெல்லாம் நாந்தான் கொண்டுபோகணும், கால் சரியாகட்டும்னாரு."

சொல்லிக்கொண்டே வந்தவளுக்குத் தானாகவே புரிந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில அவர்கிட்ட சொன்னேனே மாமா. சுதி தப்பா இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்னு. வாய் பேச முடியல. தலைய இப்படி இப்படி ஆட்டுனாரு. கண்ணுல தண்ணி வந்துச்சு. நான் சந்தோஷம்னு நெனச்சேன்."

அண்ணன் அவள் தலையில் கை வைத்தார். "அழாத. நீ கெட்டதுக்கா செஞ்ச?" என்றார். பிறகு, என்னிடம் இல்லை, யாரிடமுமே இல்லை என்பதுபோலச் சொன்னார்: "மேல அவன் காத்துக்கிட்டு இருந்திருக்கான். கீழ நான். நடுவுல இருந்தது ஒரு ஏத்தம். எனக்குக் காலு நல்லாத்தான் இருந்துச்சு."

மன்னிப்பு கிடைத்ததா என்று கேட்டால், கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கிடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு கல்நெஞ்சு இல்லை.

அவர் மண்டலினை மறுபடி வெளியே எடுத்தார். வாசிக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திருகினார், காதைக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எனக்கு விளங்க நேரம் எடுத்தது. ச. ப. ச. ப. எவ்வளவு காலம் கழித்தும் விரலுக்கு மறக்கவில்லை. முடிந்ததும் உறையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டார்.

"குடுங்க மாமா, நான் தூக்கிட்டு வாறேன்" என்றாள் விதுஷா.

"வேணாம். வச்சிருக்கிறவன்தான் கொண்டுபோகணும்."

எனக்கும் மனது கேட்கவில்லை, பின்னாலேயே போனேன். மலை முழுக்கப் பனி இறங்கியிருந்தது. படிக்கட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். கால் நல்லாத்தான் இருந்துச்சு என்றவர், இப்போது அதுவும் அவ்வளவு நல்லாயில்லை என்பதை நான் பார்த்தேன்.

அழகர் அண்ணனின் மனைவி பெரியாயி இஸ்தோப்பில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். தேவதாசன் அண்ணன் வாசலுக்கு வெளியே நின்று, உறையைக் கழற்றி, மண்டலினை இரண்டு கையாலும் நீட்டினார்.

"சுதி சேத்திருக்கு மச்சான்" என்றார்.

பெரியாயி என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் போகவில்லை. வாங்குகிறவர் ஒரு தடவை மீட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. அவர் அதற்காக நின்றுகொண்டே இருந்தார்.